செஞ்சியில் இணைய எண் வாங்கப் போன கதை

செஞ்சி என்றதும் கோட்டை, ராஜகிரி, எத்தனை மணிக்கு ஏற ஆரம்பிக்கலாம் என்று தேடிக்கொண்டு இங்கே வந்திருப்பவர்கள் மன்னிக்கவும். நான் கோட்டை ஏறவில்லை. அடிவாரத்துக்குக்கூடப் போகவில்லை. பஜார் மாடிகளில் நிற்கும் டிஷ் ஆன்டெனாக்களுக்கு நடுவில் அதைப் பார்த்ததோடு சரி. இந்தப் பதிவு என்னைப் போலச் சின்ன ஊரில் இணைய இணைப்பு கொடுத்துப் பிழைக்கிறவர்களுக்கு. பழைய இணைய எண்களை யாரிடமாவது வாங்கிவிடலாம் என்று கிளம்பப் போகிறவர்கள் முழுக்கப் படியுங்கள். மற்றவர்கள் பஸ் விவரத்தை மட்டும் குறித்துக்கொண்டு போகலாம்.

திண்டிவனத்தில் எழுநூறு வீடுகளுக்கு இணைப்பு கொடுக்கிறேன். பதினோரு வருடமாக இதுதான் தொழில். என்னிடம் ஐந்து பேர் வேலை பார்க்கிறார்கள். இணையத்துக்குள் போகும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண் வேண்டும், ஐ.பி. முகவரி என்பார்களே, அதுதான். பழைய வகை எண்கள் உலகம் முழுக்கத் தீர்ந்து போய்விட்டன. புதிய வகை எண்கள் வேண்டிய மட்டும் இருக்கின்றன, ஆனால் பல தளங்களும் கேமராக்களும் இன்னமும் பழையதைத்தான் கேட்கின்றன. தாமதமாகத் தொழிலுக்கு வந்த எனக்குக் கிடைத்தது ஒரு கைப்பிடி. ஆகவே என்னிடம் அறுபது வீடுகள் சேர்ந்து ஒரே எண்ணில் குடித்தனம் நடத்துகின்றன. அதில் ஒரு வீட்டுக் கணினியில் வைரஸ் புகுந்து கண்ட மெயிலையும் அனுப்பினால், அறுபது வீட்டுக்கும் வங்கித் தளம் கதவைச் சாத்திவிடும். தேர்வுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளிடம் விண்ணப்பத் தளம், நீ மனிதன்தானா என்று டிராஃபிக் சிக்னல் படங்களைக் காட்டித் தேர்வுக்கு முன்பே ஒரு தேர்வு வைக்கும். திட்டு வாங்குவது நான்.

வீடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன. ஒரு பெரிய கம்பெனி, என் வாடிக்கையாளர்களை மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று மாதம் ஒரு முறை போன் செய்துகொண்டிருந்தது. பழைய எண்கள் ஓர் ஐந்நூறு கிடைத்தால் கடை தப்பிக்கும். கிடைக்காவிட்டால் அந்தப் போனுக்குச் சரி என்று சொல்ல வேண்டியதுதான். இதற்காகத்தான் இந்தப் பயணம்.

எண்களை யாரும் நினைத்தபடி விற்றுவிட முடியாது. அவற்றையெல்லாம் ஒரு பதிவகம் பார்த்துக்கொள்கிறது. அங்கே விற்பனை என்ற சொல்லே கெட்ட வார்த்தை. ‘கைமாற்றம்’ என்று சொல்ல வேண்டும். கொடுப்பவர் பதிவேட்டில் பெயர் உள்ளவராக இருக்க வேண்டும், இந்த எண்கள் எனக்கு மிச்சம் என்று அவர் எழுத வேண்டும். வாங்குபவர் எனக்கு இவை தேவை என்று கணக்குக் காட்ட வேண்டும். என் தேவைக்கு ஒப்புதல் வாங்கவே மூன்று மாதம் ஆனது. அந்த ஒப்புதலுக்கும் ஒரு காலக்கெடு. எண் கொடுக்க ஆள் தேடித் தேடி, கடைசியில் செஞ்சியில் ஒருவர் கிடைத்தபோது கெடுவில் பதினோரு நாள்தான் பாக்கி.

அவர் பெயர் சலீம் பாய். செஞ்சி பஜாரில் ஆதிநாதர் கேபிள் நெட் என்று நடத்துகிறார். அவர் கையில் ஆயிரத்து இருபத்து நான்கு எண்கள், ஆனால் முன்னூறு வீடுகள்தான். போனில் ஒரே பேச்சில் சம்மதித்தார். பாதியை எடுத்துக்கோங்க மேடம், இங்க சும்மாதான கெடக்குது என்றார். மறுநாளே கிளம்பினேன்.

காலை ஏழு நாற்பதுக்குத் திண்டிவனத்தில் பஸ். இருபத்தெட்டுக் கிலோமீட்டர், டிக்கெட் முப்பது ரூபாய், சாதாரண நாளில் ஐம்பது நிமிடம். நான் போனது சாதாரண நாள் அல்ல, ஆவணி அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு அமாவாசையன்று ஜனம் எப்படிப் போகும் என்பது இந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் ஒரு வாரமாக என் கண்ணில் பட்ட ஒரே தேதி அந்தக் காலக்கெடுத் தேதிதான். பஸ்ஸில் என் காலடியில் ஒரு சேவல், மடியில் யாரோ ஒருவருடைய எலுமிச்சம்பழப் பை, முதுகில் ஒரு பொங்கல் பானை. ஐம்பது நிமிடம் ஒன்றே கால் மணி நேரமானது. குறையொன்றும் சொல்வதற்கில்லை. அவர்கள் போகிற நாளில் போகிறார்கள், போகக் கூடாத நாளில் போனது நான்.

செஞ்சி பஸ் நிலையத்தில் நின்ற வண்டியெல்லாம் மேல்மலையனூர் சிறப்புப் பேருந்து. சலீம் பாயின் கடை பஜாரில், ஐந்து நிமிட நடை. ஐம்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, காதில் எப்போதும் ஒரு பென்சில். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “இன்னா மேடம், அமாவாசையும் அதுவுமா வந்து நிக்கறீங்க?”

“நீங்களாவது போனில் சொல்லியிருக்கலாமே பாய்.”

“நீங்க உள்ளூரு ஆளாச்சே. தெரிஞ்சுதான் வர்றீங்கன்னு இருந்துட்டேன்.”

டீ வந்தது. பதிவகத் தளத்திலிருந்து அச்சிட்ட காகிதங்களைப் பிரித்தேன், கொடுப்பவர் பெயரைத் தளமே நிரப்பியிருந்தது, நான் அதைப் படிக்கவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் ஏற்கெனவே பென்சிலால் புள்ளி வைத்துக் கொண்டுபோயிருந்தேன், அவ்வளவு அவசரம். சலீம் பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இதுல நைனாரு பேரு போட்டிருக்குதே?”

“யார் நயினார்?”

“ஜினதாஸ் நைனாரு. இந்தக் கடைய எனக்கு வித்தவரு. நாலு வருசம் ஆவுது.”

இங்கே செஞ்சி பஜாரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஊர் பஜாரும் இப்படித்தான் இருக்கும். கடை கை மாறும், பெயர் மாறாது. காசைக் கொடுத்துச் சாவியை வாங்குவார்கள், அதோடு சரி. கரண்ட் பில் இரண்டு தலைமுறைக்கு முந்தியவர் பெயரில் வரும். வரி ரசீது இன்னொருவர் பெயரில் இருக்கும். பலகையை மாற்றினால் வாடிக்கை போய்விடும் என்று அதையும் மாற்ற மாட்டார்கள். வருகிற பில்லை வருகிற பெயரிலேயே ஒழுங்காகக் கட்டிவிடுவார்கள். யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. சலீம் பாயும் எண்களுக்கான ஆண்டுக் கட்டணத்தை நான்கு வருடமாக, ஒரு தவணை தவறாமல், ஜினதாஸ் நயினார் பெயரிலேயே கட்டி வந்திருக்கிறார். எண்கள் எங்கள் கடையில் இருக்கின்றன என்று அவர் போனில் சொன்னது பொய்யே இல்லை. உங்கள் பெயரில் இருக்கின்றனவா என்று நான்தான் கேட்கவில்லை. ஒரு நிமிடத்தில் பதிவேட்டைத் திறந்து பார்த்திருக்கலாம். பார்த்தேன், ஆதிநாதர் கேபிள் நெட் என்று இருந்தது, பலகையிலும் அதே பெயர், திருப்தியாக மூடிவிட்டேன். பொறுப்பாளர் பெயர் இருக்கும் வரிவரை கண்ணை நகர்த்தவில்லை. என்மேல் எனக்கு வந்த எரிச்சலில் அந்த டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டேன்.

“அதனால இன்னா மேடம்? நைனாரு மேல்சித்தாமூர்லதான் இருக்கறாரு. ஒரு கையெழுத்துதான, போட்டுக் குடுத்துடுவாரு” என்றார் சலீம் பாய்.

மேல்சித்தாமூர் எங்கே இருக்கிறது தெரியுமா? நான் பஸ்ஸில் வந்த அதே திண்டிவனம் ரோட்டில் வல்லம் வரை திரும்பிப் போய், உள்ளே பிரிய வேண்டும். சேவலோடும் பானையோடும் அந்தப் பிரிவைத் தாண்டித்தான் வந்திருந்தேன். பஸ் நிலையத்துக்கு ஓடினேன். ஓர் ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

“மேல்மலையனூருன்னா ஏறுங்க, ஆளுக்கு அறுவது ரூவா” என்றார்.

“சித்தாமூர் போகணும்ப்பா.”

“இன்னிக்கு ஊரே வடக்க போவுது, நீங்க கெழக்க போறேன்றீங்க. திரும்பி வரச்சொல்ல வண்டி காலியா வரணும். அறுநூறு குடுப்பீங்களா?”

அறுநூறு ரூபாயைக் கொடுத்துவிடும் மனநிலையில்தான் இருந்தேன். அதற்குள் சலீம் பாய் தன் ஆம்னி வண்டியோடு வந்துவிட்டார். பின்பக்கம் முழுக்கக் கேபிள் சுருள்கள். பெட்ரோலுக்கு இருநூறு போட்டேன். வண்டி மீட்டரில் பதினாறு கிலோமீட்டர். வழியெல்லாம் எதிரே மஞ்சள் சேலைகளும் வேப்பிலையுமாக வேன்கள் வந்துகொண்டிருந்தன. மொத்த மாவட்டத்திலும் எதிர்த்திசையில் போனது நாங்கள் மட்டும்தான் போலிருந்தது.

ஜினதாஸ் நயினார் வீடு சமண மடத்துக்கு இரண்டு தெரு தள்ளி. வாசலில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காய்ந்துகொண்டிருந்தது. அவர் நிலத்திலிருந்து திரும்பும்போது மணி மூன்று. அறுபத்தைந்து வயதுக்காரர், ஒல்லியாக, நிமிர்ந்து இருந்தார். சலீம் பாயைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எங்களை உட்கார வைத்துக் குடிக்கக் கொடுத்தார். கொளுத்தும் வெயிலில் காத்திருந்திருக்கிறேன், சொம்பில் வெந்நீர். வடிகட்டிக் காய்ச்சிய தண்ணீர்தான் அந்த வீட்டில் குடிப்பார்களாம். ஊதி ஊதிக் குடித்தேன். குறை சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டே குடித்தேன்.

விஷயத்தைச் சொன்னேன். எண்கள், பற்றாக்குறை, என் எழுநூறு வீடுகள், காலக்கெடு, எல்லாம். பொறுமையாகக் கேட்டார். காகிதத்தை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். அவருக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும், பத்து வருடம் அந்தக் கம்பெனியை நடத்தியவர். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

“மேற்படி எண்கள் இன்றைய தேதியில் என் வசம் உள்ளன, வேறு யாருக்கும் அவற்றில் பாத்தியதை இல்லைன்னு எழுதியிருக்குதே?”

“ஆமாங்க ஐயா. எல்லா படிவத்திலும் இருக்கிற வரிதான்.”

“என் வசம் இல்லியேம்மா. நாலு வருசம் முன்னாடியே பாய்க்கு வித்துட்டேனே.”

“பதிவேட்டில் உங்கள் பெயர்தான் இருக்கிறது. அதனால் நீங்கள்தான் போட வேண்டும்.”

“பேரு இருக்குதுன்றதுக்காவ என்னுதுன்னு சொல்ல முடியுமா?”

அப்புறம்தான் காரணம் தெரிந்தது. போன வருடம் மடத்தில் விரதம் ஏற்றிருக்கிறார். பொய் சொல்லாமை அதில் ஒன்று. பொருள் வரைதல் என்று இன்னொன்று, அதாவது என்னிடம் இவ்வளவுதான் இருக்கும், இதற்கு மேல் என்னுடையது என்று எதையும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று அளவு வைத்துக்கொள்வது. ரெண்டு ஏக்கர் மல்லாட்டை நிலம், இந்த வீடு, ரெண்டு மாடு, சுவாமிகள் முன்னால் இவ்வளவுதான் சொன்னேன் என்றார். ஆயிரத்து இருபத்து நான்கு இணைய எண்கள் அந்தக் கணக்கில் இல்லை.

 கையெழுத்துப் போட உரிமை உள்ளவருக்கு எண் சொந்தமில்லை. எண் சொந்தமுள்ளவருக்குக் கையெழுத்துப் போட உரிமையில்லை. இருவரும் எனக்கு எதிரே அக்கம்பக்கமாக உட்கார்ந்துகொண்டு, கொடுப்பதில் எங்களுக்கு ஆட்சேபணையே இல்லை என்கிறார்கள். என்ன செய்வது?

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். “ஐயா, இந்த எண்கள் யாருக்குமே சொந்தமில்லை. பதிவகமே அப்படித்தான் சொல்கிறது. இவை சொத்து இல்லை, பயன்படுத்திக்கொள்ள மட்டும்தான் கொடுத்திருக்கிறோம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். சொத்தே இல்லாதபோது உங்கள் விரதம் எப்படிக் கெடும்?”

நயினார் சிரித்தார். “நல்லா யோசிச்சிருக்கம்மா. ஆனா யாருக்குமே சொந்தமில்லாதத என்னுதுன்னு எழுதினா, அது இன்னும் பெரிய பொய்யி இல்லியா?”

நான் கோபப்பட்டேன். மறைக்க விரும்பவில்லை, குரலை உயர்த்தியே பேசினேன். இதை யாரும் வந்து சோதிக்கப் போவதில்லை, ஊர் உலகமே இப்படித்தான் கையெழுத்துப் போடுகிறது, உங்கள் ஒரு வரிக்காக ஐந்து பேர் வேலை போகும் என்றேன். கடைசியாகச் சொன்னது நியாயமில்லை என்று சொல்லும்போதே தெரிந்தது. சொல்லிவிட்டேன். நயினாரின் முகம் சுருங்கிவிட்டது. சலீம் பாய்தான் சொன்னார், “உடுங்க மேடம். அவரு அப்பிடித்தான். பொய்யி எழுதுன்னு அவரக் கேக்கறது நமக்கு நல்லால்ல.”

 நயினாரே எழுந்து போய் வெள்ளைத் தாள் எடுத்து வந்தார். உண்மையை வேண்டுமானால் எத்தனை பக்கம் கேட்டாலும் எழுதித் தருகிறேன் என்றார். எழுதினார். இன்ன வருடம், இன்ன விலைக்கு, கடை, கம்பிகள், கம்பங்கள், இணைய எண்கள் அனைத்தையும் செஞ்சி சலீம் அவர்களுக்கு விற்றுவிட்டேன், தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன், அன்று முதல் அவற்றில் எனக்கு எந்த உரிமையும் இல்லை. தெளிவான கையெழுத்து, ஓர் அடித்தல் இல்லை. பொழுது சாய்வதற்குள் அவர்கள் சாப்பிட்டுவிட வேண்டும், இருட்டினால் சாப்பிட மாட்டார்கள். எங்களையும் கூட உட்கார வைத்தார்கள். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் இல்லாத சாப்பாடு. அன்று காலையிலிருந்து எனக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அந்தக் கூட்டுதான்.

திரும்பும் வழியில் வல்லம் பிரிவில் என்னை இறக்கிவிட்டார் சலீம் பாய். திண்டிவனம் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் அவரும் கூடவே காத்திருந்தார். “இத அனுப்பினா இன்னா ஆவும்?” என்று கேட்டார்.

சொன்னேன். முதலில் பதிவேட்டில் பெயர் அவர் பெயராக மாறும். அதற்கு அவர் பதிவகத்தில் உறுப்பினராகச் சேர வேண்டும், பத்திரங்கள் காட்ட வேண்டும், இரண்டு மாதம் ஆகும். அதற்குள் என் ஒப்புதல் காலாவதியாகிவிடும், நான் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். அதன் பிறகுதான் கைமாற்றம்.

“அனுப்பலன்னா?”

“அனுப்பாவிட்டால் அந்த எண்களை யாராலும் எதுவும் செய்ய முடியாது பாய். உங்களாலும் முடியாது.”

“அப்ப அனுப்பிடலாம் மேடம். உங்களுக்குக் குடுக்கறேன்னு சொன்னது சொன்னதுதான்.”

அடுத்த வாரம் மறுபடி செஞ்சி போனேன். நயினாரின் கடிதத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு, நோட்டரி முத்திரை, இரண்டுக்கும் சேர்த்து எண்ணூறு ரூபாய். அன்று அமாவாசை இல்லை, பஸ் காலி. கோட்டைக்குப் போக நேரம் இருந்தது, மனசு இல்லை. அதோடு பதிவகத்திலிருந்து புதிதாக ஒரு கேள்வியும் வந்திருந்தது. பெயர் மாறுகிறதே, புதியவருக்கு இந்த ஆயிரத்து இருபத்து நான்கு எண்களும் உண்மையில் தேவையா, இரண்டு வருடத் திட்டம் கொடுக்கவும் என்று.

இந்தத் திட்டத்தை எழுதுவதில் எனக்கு நல்ல பழக்கம். எனக்கே மூன்று முறை எழுதியிருக்கிறேன். சலீம் பாய் கடையில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரத்தில் எழுதி முடித்தேன். இப்போது முன்னூறு வீடு, இரண்டு வருடத்தில் தொள்ளாயிரம். அவலூர்பேட்டைச் சந்தை வரைக்கும் லைன். பஜாரில் ஒவ்வொரு கடைக் கேமராவுக்கும் தனி எண். படித்தால் செஞ்சி என்பது அடுத்த வருடம் பெரிய நகரமாகிவிடும் என்று தோன்றும். சலீம் பாய் முழுவதையும் படித்தார்.

“இவ்ளோ வேணுமா மேடம் நமக்கு?”

“எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க பாய். கையெழுத்துப் போடுங்க.”

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு இன்னொரு முறை படித்தார். போட்டார்.

ஏழு வாரத்தில் பெயர் மாறிவிட்டது. எனக்கும் புது ஒப்புதல் வந்தது, அதுவும் ஓர் ஆச்சரியம்தான். கைமாற்றப் படிவத்தை சலீம் பாய்க்கு அனுப்பிவிட்டு இரண்டு நாள் காத்திருந்தேன். பதில் இல்லை. போன் செய்தேன். எடுத்தார், ஆனால் குரலில் வழக்கமான கலகலப்பு இல்லை.

“மேடம், அந்தப் படிவத்துல, ஐந்நூத்தி சொச்சம் நம்பரு எனக்கு மிச்சம்னு எழுதி கையெழுத்து போடணும்னு இருக்குது.”

“ஆமாம் பாய். அது வழக்கமான வரிதான்.”

“ரெண்டு மாசம் முன்னாடி ஆயிரத்து இருவத்திநாலும் வேணும்னு எழுதி கையெழுத்து போட்டேனே.”

“திட்டம் மாறிவிட்டது என்று ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். நான் எழுதித் தருகிறேன்.”

“திட்டம் மாறலியே மேடம்.” அவரே தொடர்ந்தார். “நீங்க எழுதினத மறுபடி மறுபடி படிச்சுப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துது. நான் இப்பிடியெல்லாம் யோசிச்சதே இல்ல. அவலூர்பேட்டைக்கு லைன் இழுத்தாச்சு. பஜார்ல நாப்பது கடைக்குக் கேமரா போட்டுத் தனி நம்பரு குடுத்துட்டேன். மேல்மலையனூர்லயும் ரெண்டு சத்திரக்காரங்க கேட்டிருக்காங்க. நெசமாவே வேணும் மேடம் எனக்கு.”

நான் கத்தினேன். சொன்ன சொல் என்ன ஆயிற்று, வல்லத்தில் நின்று பேசியது என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

“தப்புதான் மேடம். உங்களுக்குக் குடுக்கறேன்னு வாய்விட்டுச் சொன்னவன் நான். ராத்திரி தூக்கமே வரல. ஆனா வரப்போற தொள்ளாயிரம் வீட்ட பாதி நம்பர்ல அடைச்சுட்டு மிச்சத்த உங்களுக்குக் குடுத்தா, உங்க வீடுங்களுக்கு வந்த கஷ்டம் எங்க வீடுங்களுக்கு வராதா?”

வரும். கட்டாயம் வரும். இந்தப் பதிவின் இரண்டாம் பத்தியில் நான் எழுதியிருப்பது அத்தனையும் செஞ்சிக்கு வரும். முதல் நாள் போனில் அவர், எங்களுக்கு ஒன்றும் பிரச்சினை வராதே என்று கேட்டார். யாருக்கும் ஒன்றும் தெரியாது பாய் என்று சொன்னவள் நான்.  போனை வைத்துவிட்டேன்.

சரி, இந்த வழியில் போகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பதிவேட்டில் பலகைப் பெயரைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், பொறுப்பாளர் யார் என்று பாருங்கள், அந்த ஆளையே நேரில் பாருங்கள். கடை கைமாறியிருந்தால் முதலில் பெயர் மாற்றம், அதன் பிறகுதான் உங்கள் விண்ணப்பம். வரிசை மாறினால் என்னைப் போல இரண்டு முறை காசு கட்டுவீர்கள். திண்டிவனத்திலிருந்து வருபவர்கள் மேல்சித்தாமூருக்குச் செஞ்சி வரை போக வேண்டாம், வல்லத்திலேயே இறங்கிவிடலாம். மேல்சித்தாமூரில் மதியச் சாப்பாட்டுக்குக் கடை கிடையாது, கையில் எடுத்துப் போங்கள். நோட்டரி செஞ்சியிலேயே கிடைப்பார். எண் கொடுப்பவரின் தேவைத் திட்டத்தை நீங்கள் உட்கார்ந்து எழுதாதீர்கள். எழுதியே ஆக வேண்டுமென்றால் சுமாராக எழுதுங்கள்.

எனக்கு யார் மேல் கோபம் என்று யோசித்துப் பார்த்தேன். நயினார் மேல் இல்லை. சலீம் பாய் மேல் ஒரு வாரம் இருந்தது, பிறகு போய்விட்டது. எல்லாவற்றையும் தீர்ந்துபோக விட்டுவிட்டு, மிச்சமிருப்பதைப் பகிர விதி எழுதுகிறவர்கள்மேல் இன்னமும் இருக்கிறது. அந்த விதிகளில் தப்பான விதி எது என்று கேட்டால் ஒன்றையும் காட்ட எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

வேறு எண் கிடைக்கவில்லை. சென்னையில் ஒருவர் சொன்ன விலைக்கு நான் கடையை விற்றாலும் போதாது. பெரிய கம்பெனியின் போனுக்குப் போன திங்கட்கிழமை சரி என்று சொல்லிவிட்டேன். அவர்கள் ஆள் அலுவலகத்துக்கு வந்தார், மரியாதையாகப் பேசினார். வீடுகளுக்கு ஒரு நாள்கூட இணைப்பு அறுபடாது என்றார். என்னிடம் வேலை பார்க்கும் ஐந்து பேரையும் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். மூன்று பேர் போதும் என்றார். எந்த மூன்று பேர் என்று கேட்டேன்.

“அது உங்களுக்குத்தான மேடம் தெரியும்” என்று ஒரு படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். இடது பக்கம் தேவை என்று போட்டு மூன்று கட்டங்கள். வலது பக்கம் மிச்சம் என்று போட்டு இரண்டு. வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டுமாம். இன்று வியாழன். ஐந்து பேரும் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள், பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்கிறது.